சீமையெண்ணெய் முதலாய மனைப்பொருட் பெயர்களும் அவை மறைத்த இடரும்

முன்னுரை

ஒரு மொழி வழங்கும் நாட்டிற்குள் புதுப்பொருள் ஒன்று புகும்போது அதற்குப் பெயர் அமையும் வழிகள் மூன்று எனலாம். பொருளொடு வந்த அயற்பெயரை ஒலிதிரித்து ஏற்றுக்கொள்ளுதல் ஒன்று. புதுச்சொல் படைத்துக்கொள்ளுதல் மற்றொன்று. முன்னரே வழங்கிவரும் பொருள் ஒன்றன் பெயரை அடைகொடுத்து நீட்டி வழங்குதல் மூன்றாவது. இவற்றுள் இறுதியதே மக்கள் வழக்கில் பெரிதும் பயின்றது. ஒரு சொல் எத்திசையிலிருந்து வந்தது, எவ்வாறு திரிந்தது என்பவற்றைத் தொல்காப்பியர் காலந்தொட்டு இலக்கண நூலார் ஆராய்ந்துள்ளனர். ஆயின், பழம்பெயர் புதுப்பொருளின்மேல் ஏறும்போது அப்பெயரொடு வேறு எவை உடன் ஏறுகின்றன என்பது போதிய அளவில் நோக்கப்படவில்லை.

பெயர் நீளும்போது சொல் மட்டும் நீள்வதில்லை. பழம்பொருளின்பால் மக்கள் கொண்டிருந்த நம்பிக்கையும், அதனைக் கையாண்ட பழக்கமும் உடன் நீள்கின்றன. புதுப்பொருளின் இயல்பு பழம்பொருளின் இயல்பொடு ஒத்திருப்பின் இதனால் தீங்கில்லை. வேறுபட்டிருப்பின் அவ்வேறுபாட்டைப் பெயரே மறைத்துவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் தமிழர் மனைகளுட் புகுந்த மண்ணெண்ணெய், அதனால் எரியும் விளக்கு, தீக்குச்சி, பம்பு அடுப்பு ஆகிய நான்கினையும் கொண்டு இக்கருத்தினை விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாய்வுக்கு நிலைக்களமாகச் சேலம் மாவட்டத்துத் தம்மம்பட்டி வட்டாரம் கொள்ளப்படுகிறது. கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் அணித்தாய்ச் சுவேதநதி பாயும் இவ்வூர் மரச்சிற்பத் தொழிலால் பெயர்பெற்றது. இதே மாவட்டத்தில் மேட்டூர் அணை 1934ஆம் ஆண்டிலேயே நிறைவுற்றதெனினும், மலையடிவாரச் சிற்றூர்கள் பலவற்றில் மின்னொளி பரவியது நாடு விடுதலை பெற்ற பின்னரே ஆகும். ஆதலின் மண்ணெண்ணெயைச் சார்ந்த சொல்வழக்குகள் இப்பகுதியில் நெடுநாள் நிலைத்து, முதியோர் பேச்சில் இன்றும் எஞ்சியுள்ளன.

எண்ணெய் என்னும் பெயர்

எள், நெய் என்னும் இருசொற்களின் கூட்டே எண்ணெய் என்பது யாவரும் அறிந்ததே. எள்ளின் நெய்யைக் குறித்த இச்சொல் பின்னர்த் தன் முதற்பொருள் மங்கித் தேங்காயெண்ணெய், வேப்பெண்ணெய், இலுப்பையெண்ணெய் எனப் பலவற்றிற்கும் பொதுப்பெயராயிற்று. இவற்றிடையே ஓர் ஒற்றுமை உண்டு. இவையனைத்தும் வித்திலிருந்தோ காயிலிருந்தோ பிழியப்பெறுவன. உணவாகவோ மருந்தாகவோ உடலிற் பூசுவதாகவோ பயன்படுவன. இவை எளிதில் ஆவியாகா. தீக்குச்சியை எரியவிட்டு இவ்வெண்ணெய்களுள் இட்டால் குச்சிதான் அணையும். நல்லெண்ணெய் தீப்பற்றும் அளவுக்கு ஆவியை வெளியிட வேண்டுமாயின் செல்சியசு 200 பாகைக்கும் மேற்பட்ட வெப்பம் வேண்டும். திரியின் துணையின்றி எரியாத பொருள் என்பதே எண்ணெய் என்னும் சொல்லொடு தமிழர் நெஞ்சில் ஒன்றியிருந்த அறிவாகும்.

இப்பொதுப்பெயரின் கீழ் வந்து சேர்ந்தது மண்ணெண்ணெய். அமெரிக்க நாட்டுப் பென்சில்வேனியாவில் 1859ஆம் ஆண்டில் எண்ணெய்க் கிணறு தோண்டப்பெற்ற பின்னர், நிலத்தடியிலிருந்து எடுத்த பாறையெண்ணெயைக் காய்ச்சி வடித்து விளக்கெரிக்கும் தொழில் உலகெங்கும் பரவியது. இந்தியாவிற்கு அமெரிக்காவிலிருந்தும் உருசியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் அது வந்திறங்கியது. அசாமிலுள்ள திக்பாயில் 1901ஆம் ஆண்டில் சுத்திகரிப்பு ஆலை தொடங்கப்பெற்றது. நான்கு காலன் கொள்ளும் தகர டின்களில் அடைக்கப்பெற்று இப்பொருள் சிற்றூர்ச் சந்தை வரையிற் சென்றது. எண்ணெய் தீர்ந்தபின் அத்தகரமே தண்ணீர் இறைக்கவும் தானியம் வைக்கவும் பயன்பட்டமையால், அது மனைக்குள் புகுதற்குத் தடையேதும் இருந்திலது.

இதற்குத் தமிழர் இட்ட பெயர்கள் மூன்று. மண்ணிலிருந்து கிடைப்பது என்னும் கருத்தில் மண்ணெண்ணெய் என்பது ஒன்று. சீமையெண்ணெய் என்பது மற்றொன்று. இது பேச்சில் சீமெண்ணெய் என மருவி வழங்கும், தம்மம்பட்டி வட்டாரத்தில் பெருவழக்கினது. ஆங்கிலப் பெயரைத் தழுவிய கிரசினாயில் என்பது மூன்றாவது. இது தமிழ்நாட்டின் சில பகுதிகளில் கிருஷ்ணாயில் எனவும் திரிந்தது.

இம்மூன்று பெயர்களும் ஈண்டு நுணுகி நோக்கத்தக்கன. முதற்பெயர் அது கிடைக்கும் இடத்தைக் கூறுகிறது. இரண்டாம் பெயர் அது வந்த நாட்டைக் கூறுகிறது. எல்லை, நிலப்பகுதி எனப் பொருள்பட்ட சீமை என்னும் சொல் மேலைநாட்டைக் குறிக்கும் அடையாகிச் சீமைச்சுண்ணாம்பு, சீமையோடு முதலிய தொடர்களில் ஒருவகை உயர்வையும் ஏற்றுக்கொண்டது. மூன்றாம் பெயரோ பொருள் விளங்காத அயலொலியைக் கடவுட்பெயராக்கி மக்கட்கு அணுக்கமாக்கிற்று. இடத்தையும் நாட்டையும் கூறிய பெயர்கள் இயல்பைக் கூறவில்லை. மூன்றனுள் ஒன்றேனும் இது தானே பற்றும் பொருள் என்பதை உணர்த்திற்றில்லை. முதலிரு பெயர்களும் எண்ணெய் என்றே முடிந்தமையால் செக்கிற் பிழிந்தவற்றின் இனத்தில் இதுவும் சேர்க்கப்பட்டது.

சட்டத்தின் சொல்லும் இவ்வகையில் குறையுடையதாகவே இருந்தது. இந்தியப் பெட்ரோலியச் சட்டம், 1934 பாரன்ஹீட் 76 பாகைக்குக் கீழ்ப்பட்ட வெப்பத்தில் தீப்பற்றும் ஆவியை வெளியிடுவதனையே இடர்மிக்க பெட்ரோலியம் என வரையறுத்தது. இவ்வகை எல்லைக்கு முன்னோடியாகிய இங்கிலாந்தின் 1879ஆம் ஆண்டுச் சட்டம் 73 பாகையை எல்லையாகக் கொண்டிருந்தது. குளிர்நாட்டு அறைக்கு அவ்வெல்லை பொருந்தலாம். சேலம் நாட்டுச் சமவெளியில் சித்திரைத் திங்களின் நண்பகல் வெப்பம் 100 பாகையைக் கடப்பது இயல்பு. ஆகவே 80 பாகையிலோ 90 பாகையிலோ ஆவி பற்றும் எண்ணெய் சட்டத்தின் நோக்கில் இடரற்றது. தம்மம்பட்டி அடுக்களையின் நோக்கில் இடர் நிறைந்தது. பிற்காலத்தில் இந்தியத் தரநிலை மண்ணெண்ணெய்க்கு வகுத்த கீழெல்லையாகிய செல்சியசு 35 பாகையும் கோடைப் பகலின் வெப்பத்திற்குக் குறைந்ததே என்பது கருதற்பாலது.

எரிதலேயன்றி இப்பொருளில் மற்றோர் இடரும் கரந்திருந்தது. வடித்த மண்ணெண்ணெய் தண்ணீர் போலத் தெளிந்த நிறத்தது. சிறிதளவு வாங்குவோர் அதனைப் பருகுநீர்ப் புட்டிகளிலேயே வாங்கி வைத்தனர். குழந்தைகள் அதனைக் குடித்துவிடுவது நாடெங்கும் மருத்துவர் அறிந்த துன்பமாயிற்று. எண்ணெய் உள்ளே சென்றால் வாந்தி எடுப்பித்தல் நன்று என்பது பலருடைய எண்ணம். உண்மை அதற்கு மாறானது. மண்ணெண்ணெய் வயிற்றிற் செய்யும் கேட்டினும் மூச்சுக்குழல் வழி நுரையீரலுட் புகுந்து செய்யும் கேடு பெரிது. வாந்தி எடுப்பித்தால் அவ்வாறு புகும் வாய்ப்பு மிகும். இன்னும் இதனை அறியாதார் உளர். பிற்காலத்தில் நியாயவிலைக்கடை மண்ணெண்ணெய்க்கு நீலநிறம் ஊட்டப்பட்டது கலப்படம் தடுத்தற்பொருட்டே ஆயினும், நிறமற்ற பொருளுக்கு ஓர் அடையாளம் அதனாற் கிடைத்தது.

விளக்கு என்னும் பெயர்

விளக்கேற்றுதல் தமிழர் வாழ்வில் ஒளிபெறும் செயலாக மட்டும் இருந்ததன்று. அது வழிபாட்டோடு இயைந்தது. அந்திப் பொழுதில் மகளிர் திரிகொளுத்தி நெல்லும் மலரும் தூவிக் கைதொழுத காட்சியை நெடுநல்வாடையிற் காண்கிறோம். அம்மரபு இடையறாது வந்தமையால் மாலைப்பொழுதே விளக்கு வைக்கும் நேரம் எனப் பெயர்பெற்றது. விளக்கை அணைத்தல் என்று கூறாது குளிரவைத்தல், அமர்த்துதல், மலையேற்றுதல் எனக் கூறுவது வழக்கம். இது நன்னூலார் தகுதிவழக்கில் இடக்கரடக்கல், குழூஉக்குறி என்பவற்றொடு வைத்து எண்ணும் மங்கலத்தின் பாற்படும். வாயால் ஊதி விளக்கணைத்தல் கூடாது என்னும் விலக்கும் இம்மரபின் உறுப்பேயாகும்.

அகல்விளக்கின் அமைப்பிற்கு இம்மரபு பொருந்தியிருந்தது. அகல் கவிழ்ந்தால் எண்ணெய் சிந்தும். திரி பெரும்பாலும் அணைந்துபோகும். மண்ணெண்ணெய் விளக்கு கவிழ்ந்தாலோ, சிந்திய எண்ணெய் பரவும் வேகத்திலேயே தீயும் பரவும். இவ்விரண்டையும் விளக்கு என்னும் ஒரு சொல்லாற் குறித்ததால், கூரைவீட்டின் மாடத்தில் அகல் இருந்த இடத்திலேயே புதுவிளக்கும் வைக்கப்பட்டது.

கண்ணாடிக் குழாய் பொருத்திய விளக்கில் இவ்விடர் மேலும் நுண்ணியது. எண்ணெய்க்கூடு பாதிக்குமேல் காலியாகும்போது எஞ்சிய இடத்தில் ஆவியும் காற்றும் கலந்து நிற்கும். குழாயின் மேல்வாயில் ஊதினால் சுடர் கீழ்நோக்கித் தள்ளப்பட்டு அக்கலவையைப் பற்றக்கூடும். திரியைத் தாழ்த்திச் சுடரைக் குறுக்கிய பின்னரே அதனை அணைத்தல் வேண்டும். அகலை ஊதலாகாது என்று விலக்கிய மரபு சீமெண்ணெய் விளக்கைத் தெய்வத்திற்குரியதாகக் கொள்ளாமையால், அவ்விலக்கு இதற்கு நீளவில்லை. ஊதியணைத்தல் எங்கு இடர்விளைக்குமோ அங்கே அது வழக்கமாயிற்று. பெயர் நீண்டது, பெயரைச் சூழ்ந்திருந்த காவல் நீளவில்லை.

கண்ணாடிக் குழாய்க்குப் பொருளில்லா ஏழை மக்கள் தகரத்தாலும் மைப்புட்டியாலும் விளக்குச் செய்துகொண்டனர். மூடியில் துளையிட்டுத் திரிசெருகிய இவ்விளக்கினையும் சிமினி விளக்கு என வழங்கிய ஊர்கள் பல. சிமினி என்பது குழாயைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் திரிபு. காற்றைத் தடுத்துப் புகையைக் குறைக்கும் குழாய் இல்லாதொழிந்த பின்னும் அதன் பெயர் மட்டும் தங்கிற்று. இத்தகைய திறந்த திரிவிளக்கில் எரியும் மண்ணெண்ணெயில் நூற்றுக்கு ஏழு முதல் ஒன்பது பங்கு வரை கரித்துகளாக வெளிப்படுகிறது என 2012ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று காட்டியுள்ளது. அவ்வொளியில் படித்த மாணவர் காலையில் மூக்கைத் துடைத்தபோது கண்ட கரி, நுரையீரலுள்ளும் படிந்தது.

அரிக்கேன் விளக்கு இவற்றினும் காவல் மிக்கது. புயற்காற்றைக் குறிக்கும் ஆங்கிலப் பெயர் அதற்கு அமைந்தது காற்றிலும் அணையாமை கருதியே. கம்பிக் கூட்டிற்குள் கண்ணாடி நிற்க, பக்கக்குழல்கள் வழியே காற்றுச் செல்லும் அவ்வமைப்பு நன்கு எண்ணிச் செய்யப்பட்டதாகும். ஆயின் அது விலைமிக்கது. மரச்சீவல் குவிந்த தச்சுப் பட்டறைக்கும் வைக்கோல் நிறைந்த தொழுவத்திற்கும் அது வேண்டியதாயிருக்க, அதனை வாங்கும் ஆற்றல் அங்கு உழைத்தார் பலர்க்கு இருந்திலது.

தீக்குச்சி என்னும் பெயர்

பண்டைத் தமிழர் ஞெலிகோல் கடைந்து தீப்பெற்றனர். பின்னாளில் சிக்கிமுக்கிக் கல் வழங்கிற்று. அடுத்த வீட்டில் நெருப்பு வாங்கி வருதலும் அண்மைக்காலம் வரை இருந்தது. தீயைப் பெறுதல் அரிதாயிருந்தமையால் அதனைப் பேணுதலும் பெரிதாயிருந்தது. தீக்குச்சி அவ்வருமையை நீக்கிற்று. குழந்தையின் கைக்கும் எட்டும் பொருளாகத் தீ மாறியது.

தொடக்ககாலத் தீக்குச்சிகள் பலவற்றின் தலையில் வெண்பாசுபரம் இருந்தது. எங்கு உரசினும் பற்றும் தன்மை அதற்குரியது. அன்றியும் அது கொடிய நஞ்சு. அதன் ஆவியை நாள்தோறும் உட்கொண்ட தொழிலாளர்க்குத் தாடையெலும்பு அழுகியது. 1906ஆம் ஆண்டில் பெர்ன் நகரில் நாடுகள் சில கூடி அதனை விலக்க உடன்பட்டன. இந்தியாவில் வெண்பாசுபரத் தீக்குச்சித் தடைச்சட்டம் 1913ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அதன்பின் பெட்டியின் பக்கத்தில் செம்பாசுபரம் பூசிய குச்சிகளே வழங்கலாயின. தீக்குச்சி என்னும் பெயர் இருவகைக்கும் பொதுவாகவே இருந்தமையால், நஞ்சு வந்ததையும் நீங்கியதையும் நம் சொல்வழக்கு பதிவுசெய்திலது.

1920களில் சிவகாசியில் இத்தொழில் வேரூன்றியது. பெட்டிமேல் அச்சிட்ட பாதுகாப்பு என்னும் ஆங்கிலச்சொல் பயன்படுத்துவோர்க்கு உண்மையாயிற்று, செய்வோர்க்கு அவ்வாறன்று. சிவகாசித் தொழிற்கூடங்களிற் குழந்தைகள் உழைத்தமை பற்றிய வழக்கில் உச்சநீதிமன்றம் 1996ஆம் ஆண்டில் தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது. மனையிலிருந்து நீங்கிய இடர் மறைந்துவிடாது மனைக்கு அப்பால் இடம்பெயர்ந்தது என்பதற்கு இது சான்றாகும்.

அடுப்பு என்னும் பெயர்

அடுதல் என்னும் வினை சமைத்தலையும் கொல்லுதலையும் ஒருங்கே குறித்தல் பழந்தமிழ் வழக்கு. அவ்வினையடியாகப் பிறந்த அடுப்பு என்னும் சொல் பெரும்பாலும் மண்ணாலாகிய விறகடுப்பையே சுட்டிற்று. விறகடுப்பும் தீங்கற்றதன்று. அதன் புகை மகளிர் கண்ணையும் நெஞ்சையும் கெடுத்தது. முந்தானையிலும் கூரையிலும் தீப்பற்றியதுண்டு. ஆயினும் அதன் தீ கண்ணுக்குப் புலனாவது. விறகை வெளியே இழுத்தால் தணிவது. எவ்விடத்தில் அஞ்ச வேண்டும் என்பது சிறுமிக்கும் தெரியும்.

சுவீடன் நாட்டு லிண்ட்குவிஸ்டு என்பார் 1892ஆம் ஆண்டையொட்டி உருவாக்கிய பிரைமஸ் அடுப்பு வேறுவகையது. பித்தளைக் கலத்துள் காற்றை அடைத்து, அவ்வழுத்தத்தால் மண்ணெண்ணெயை மேலேற்றி, சூடேறிய குழலில் ஆவியாக்கி, நுண்துளை வழியே சீறச்செய்து எரிப்பது அதன் அமைப்பு. முதலில் எரிசாராயம் ஊற்றிக் குழலைச் சூடேற்றுதல் வேண்டும். குழல் காயுமுன் பம்பு அடித்தால் ஆவிக்கு மாறாக எண்ணெயே பீறிட்டு ஆளுயரத் தீ எழும். துளை அடைத்துக்கொண்டால் ஊசியாற் குத்த வேண்டும். அடைப்பு இருப்பதை அறியாது மேலும் பம்பு அடித்தாலோ, எரியும் அடுப்பிலேயே எண்ணெய் நிரப்பினாலோ விளைவு கொடிது. விறகடுப்பில் தீ மங்கினால் ஊதுவது பழக்கம். இதில் தீ மங்கினால் பம்பு அடிப்பது அப்பழக்கத்தின் நீட்சி. முன்னது தீயை மட்டும் வளர்க்கும். பின்னது கலத்தின் அழுத்தத்தையும் வளர்க்கும்.

தரையில் அமர்ந்து சமைக்கும் வழக்கமும், காற்றில் அலையும் முந்தானையும், காற்றோட்டம் குறைந்த அடுக்களையும் இதனொடு கூடின. 1960களுக்குப் பின் நைலான் முதலிய செயற்கை இழைச் சேலைகள் பரவியபோது, உருகி உடலில் ஒட்டிக்கொள்ளும் துணியும் சேர்ந்தது. பம்பு ஸ்டவ் என்று அயற்சொல்லால் வழங்கிய இடத்தும் அதனை மக்கள் அடுப்பின் இனமாகவே கருதினர். உண்மையில் அது அழுத்தக்கலம். அடுப்பு என்பது அதன் பயன்பற்றிய பெயரேயன்றி இயல்புபற்றிய பெயர் அன்று.

ஸ்டவ் வெடித்தது என்னும் தொடர்

இதுவரை கூறியவை பெயர் அறியாமையால் மறைத்த இடர்கள். அறிந்தே மறைத்த இடர் ஒன்றும் உண்டு. ஸ்டவ் வெடித்து இறந்தாள் என்னும் தொடர் 1970களிலும் 1980களிலும் நாளிதழ்ச் செய்திகளிற் பயின்றது. அவற்றுட் சில உண்மையான விபத்துகள். ஆயின் இறந்தோருட் பலர் மணமாகிச் சில ஆண்டுகளே ஆன இளம்பெண்கள். அதே அடுக்களையிற் சமைத்த மாமியார்க்கும் நாத்தனார்க்கும் ஒன்றும் நேர்ந்திலது என்பது ஐயத்தை எழுப்பியது. சில நிகழ்ச்சிகளில் அடுப்பே சிதையாது இருந்தது.

ஆகவே சட்டம் இத்தொடரை நம்புவதை நிறுத்த வேண்டியதாயிற்று. வரதட்சணைத் தடைச்சட்டம் 1961ஆம் ஆண்டில் வந்தது. அது போதாமையால், கணவனும் அவன் உறவினரும் இழைக்கும் கொடுமையைக் குற்றமாக்கும் 498அ என்னும் பிரிவு 1983ஆம் ஆண்டிலும், வரதட்சணைச் சாவு பற்றிய 304ஆ என்னும் பிரிவு 1986ஆம் ஆண்டிலும் இந்தியத் தண்டனைச் சட்டத்திற் சேர்க்கப்பட்டன. 2024 சூலை முதல் அச்சட்டத்தின் இடத்தைப் பெற்ற பாரதிய நியாய சன்ஹிதாவில் இவை 85, 80 ஆகிய பிரிவுகளாக உள்ளன. மணமாகி ஏழாண்டுகளுக்குள் ஒரு பெண் ஐயத்திற்குரிய வகையில் இறந்தால் தமிழ்நாட்டிற் கோட்டாட்சியர் விசாரணை செய்வதும் இவ்வழி வந்ததே.

இத்தொடரின் இலக்கணமும் நோக்கத்தக்கது. ஸ்டவ் வெடித்தது என்பதில் எழுவாய் ஸ்டவ்; செய்தாரும் செய்யப்பட்டாரும் அதில் இல்லை. கொளுத்தினான், கொளுத்தினார்கள் என்னும் வினைகட்கு எழுவாயாக ஓர் ஆள் வேண்டும். வெடித்தது என்னும் தன்வினைக்கு அது வேண்டா. விளக்கைக் குளிரவைத்தோம் என்பது மங்கலம் கருதி ஒன்றை மறைப்பது. கேட்போர் அனைவரும் அதன் பொருளை அறிவர். அதனால் இழப்பார் ஒருவருமில்லை. ஸ்டவ் வெடித்தது என்பதோ மங்கலத்தின் வடிவை மேற்கொண்டு கொலையை மறைக்கக் கூடியது. இரண்டனையும் ஒருங்கு வைத்து எண்ணுதல் பொருந்தாது. புதுப்பொருளின் உண்மையான இடரை ஊரார் நன்கறிந்த பின்னரே இப்பொய்ம்மொழி இயன்றது என்பதும் உணரத்தக்கது. பம்பு அடுப்பு வெடிக்கும் என்னும் அறிவு பரவாதிருந்தால், அது வெடித்தது என்னும் கூற்றை எவரும் நம்பியிரார்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று உண்மைகள் பெறப்படும். பழம்பெயர் புதுப்பொருளுக்கு நீளும்போது பழைய நம்பிக்கை நீள்கிறது. பழைய காவல் நீளாதொழிகிறது. இஃது ஒன்று. ஒரு பொருளின் பிறப்பிடத்தையோ பயனையோ கூறும் பெயர் அதன் இயல்பைக் கூறியதாகாது. இஃது இரண்டு. இடர் யாவர்க்கும் தெரிந்த பின்னர், அவ்விடரின் பெயரே பிறிதொரு கொடுமைக்குத் திரையாதலும் உண்டு. இது மூன்று.

மொழியால் இயலாததைப் பிறவழியால் செய்துகொண்டதற்கும் சான்றுண்டு. இன்றைய அடுக்களையில் எரியும் எரிவளி இயல்பில் மணம் குறைந்தது. அதன் கசிவை அறிதற்பொருட்டே முடைநாற்றமுள்ள பொருளொன்று அதிற் கலக்கப்படுகிறது. பெயர் சொல்லாத எச்சரிக்கையை மூக்கு அறியுமாறு செய்த ஏற்பாடு அது.

நாட்டார் வழக்கையும் பழைய இதழ்களையும் ஆராயும் மாணவர்க்கு இவற்றால் ஒரு கடமை உண்டாகிறது. சீமெண்ணெய், சிமினி, பம்பு அடித்தல், ஊசி குத்துதல், விளக்கு சரிந்தது, ஸ்டவ் வெடித்தது முதலிய வழக்குகளை அவற்றைப் பயன்படுத்தியோர் மறையுமுன் தொகுத்தல் வேண்டும். தொகுக்கும்போது சொல்லின் பொருளை மட்டும் குறித்துக்கொள்ளுதல் போதாது. யார் சொன்னார், யாரைப்பற்றிச் சொன்னார், சொல்லாது விட்டது யாது என்பவற்றையும் உடன் கேட்டு எழுதுதல் வேண்டும். அடுக்களையில் மாண்ட பெண்களைப் பற்றிய செய்தி பல குடும்பங்களில் அவ்வொரு தொடரளவிலேயே எஞ்சியிருக்கிறது. அத்தொடரை நேர்ந்ததன் வருணனையாகக் கொள்ளாது சான்றாகக் கொண்டு வினவுதல் சொல்லாராய்ச்சியாளர்க்கு உரிய பணியாகும்.